மாப்பிள்ளைக்குச் செய்த பெல்ட்

எங்கள் வீட்டில் இரண்டு பட்டறைகள். மலாக்கா, புக்கிட் பெருவாங்கில் வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒரு சாதாரண தெரஸ் வீடுதான். கார் நிறுத்த வேண்டிய இடத்தில் என் கணவரின் தோல் மேசை இருக்கிறது. பின்கட்டில், சமையல் அடுப்புக்குப் பக்கத்தில், என் வெள்ளி மேசை. கார் தெருவில் நிற்கிறது. சமையலுக்கு என்று மிஞ்சிய இடத்தில் ஒரு ரைஸ் குக்கர் வைக்கலாம். வருகிறவர்கள் எங்கே உட்காருவது என்று தெரியாமல் ஹாலில் சாமி மேடைக்கு முன்னால் நின்றபடியே பேசிவிட்டுப் போவார்கள்.

ஆரம்பித்தது என் கணவர்தான். ஆயர் குரோவில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் பார்க்கிற மனிதர். கடையில் வாங்கிய பர்ஸ் ஒன்று சீக்கிரமே பிய்ந்துபோனது. கடைக்காரனைத் திட்டிவிட்டு விட்டிருக்கலாம். நானே ஒன்று தைக்கிறேன் என்று உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் இன்னும் எழுந்திருக்கவில்லை. ஒரே நூலின் இரண்டு நுனியிலும் ஊசி கோத்து, ஒரே ஓட்டையில் இந்தப் பக்கமிருந்து ஒன்றும் அந்தப் பக்கமிருந்து ஒன்றுமாக விட்டு இழுப்பார். தைத்து முடித்ததும் தோலின் ஓரத்தைத் தண்ணீர் தொட்டு, மரக்கட்டையால் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்குவார். எங்கள் மகள் பிறந்தபோதுகூட அவர் அவளை இவ்வளவு நேரம் தடவிப் பார்த்ததில்லை.

அதைப் பார்த்துத்தான் நான் நகை வகுப்பில் சேர்ந்தேன்.

“நீ எதுக்குலா இதெல்லாம்?” என்றார்.

“உங்களுக்கு தடவ தோலு இருக்கு. எனக்கு எதாச்சும் வேணாமா?” என்றேன்.

இப்போது நான் கொலுசும் மெட்டியும் தோடும் செய்கிறேன். நகத்தளவு வெள்ளி இலை ஒன்றைப் பற்றவைக்க நான் நெருப்பை வைத்துக்கொண்டு மூச்சைப் பிடித்து நிற்கும்போது, வேண்டுமென்றே அந்த நேரம் பார்த்து வந்து காப்பி கேட்பார்.

மலாக்காவின் ஈரக்காற்று இரண்டு பேருக்கும் பொதுவான எதிரி. மழை மாதத்தில் தோல் பையை அலமாரியில் போட்டுப் பூட்டினால், திறக்கும்போது வெள்ளையாகப் பூசணம் பூத்திருக்கும். அதனால் எங்கள் வீட்டில் ஃபேன் பைகளுக்கு, வியர்வை எங்களுக்கு. வெள்ளியோ கறுத்துப்போகும். ஒருமுறை இவர் உதவி செய்கிறேன் என்று என் கொலுசுகளை ஜோடி ஜோடியாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிவைத்தார். ரப்பரில் இருக்கும் கந்தகம் வெள்ளிக்கு ஆகாது. ரப்பர் பட்ட இடத்திலெல்லாம் கறுப்பாகக் கோடு விழுந்துவிட்டது. இத்தனைக்கும் எங்கள் இரண்டு பேர் குடும்பமும் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிப் பிழைத்த குடும்பம். ரப்பரைப் பற்றி இவருக்கு நான் சொல்லித்தர வேண்டியிருந்தது. திருநீற்றைப் பருத்தித் துணியில் தொட்டுத் தேய்த்தேன், வெள்ளி பழையபடி வெளுத்தது.

பக்கத்தில் நின்று பார்த்தவர் சொன்னார், “உன் சரக்கு கறுத்தா துண்ணூற போட்டு சாமிகிட்டயே வச்சிடலாம். என் சரக்கு சாமி பக்கமே வரக்கூடாது.”

அதை அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அதற்குள் இருந்த வருத்தத்துக்கு ஒரு காரணம் இருந்தது. காரணம், அண்ணி.

அண்ணி என்றால் அவருடைய அக்கா. செலண்டாரில் இருக்கிறார். எங்கள் குடும்பத்தில் யாருக்குக் கல்யாணம் என்றாலும் சீர்த்தட்டு அடுக்குவது அவர்தான். எந்தத் தட்டில் எது இருக்கலாம், எது இருக்கக்கூடாது என்பதில் அவர் வைத்ததுதான் சட்டம். தங்கமான மனுஷி. தேங்காயெண்ணெய் மேல் மட்டும் அளவுகடந்த நம்பிக்கை. தலைக்கு, முழங்காலுக்கு, கதவுக் கீலுக்கு, தையல் மெஷினுக்கு, எல்லாவற்றுக்கும் அதுதான்.

இவர் அந்த அக்காவுக்குத் தன் கையால் ஒரு கைப்பை தைத்துக் கொடுத்திருந்தார். கொஞ்ச நாளில் அது வறண்ட மாதிரி தெரிந்திருக்கிறது. அண்ணிக்கு மனசு கேட்கவில்லை. பையைப் பிள்ளையைக் குளிப்பாட்டுகிற மாதிரி மடியில் போட்டு, உள்ளங்கை நிறையத் தேங்காயெண்ணெய் ஊற்றித் தேய்த்து, வெயிலில் வைத்து எடுத்திருக்கிறார். மறுநாள் அதை இடுக்கிக்கொண்டு, சந்தன நிறப் பட்டுச்சேலையில் கோயில் திருவிழாவுக்குப் போனார். திரும்பி வந்தபோது சேலையில், இடுப்புப் பக்கம், பையின் படம் அப்படியே இறங்கியிருந்தது. கைப்பிடி உட்பட.

“உன் தோலு சாயம் போவுது தம்பி,” என்று சேலையோடு வந்து நின்றார்.

“என்னக்கா தடவுன?”

“கண்டதயா தடவுவேன்? பிள்ளைக்கி தடவுற எண்ணெய்.”

இவர் பையை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போவதுபோல் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். தோலுக்கு வேண்டியது தேன்மெழுகு கலந்த பூச்சுதான், அதுவும் ஒரு பட்டாணியளவு, எப்போதாவது ஒரு தடவை, துணியில் தொட்டு மெல்லத் தேய்த்தால் போதும் என்று விளக்கினார். அண்ணி அவரைப் பார்த்த பார்வையில் எதுவும் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. சேலை போனது போனதுதான். அன்றிலிருந்து நல்ல காரியம் எதற்கும் தோல் ஆகாது என்பது அண்ணியின் சட்டங்களில் ஒன்றாகிவிட்டது.

இந்த நிலைமையில்தான் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை நியாலாஸ் ஊர்க்காரர், டவுனில் ஆபிஸ் வேலை. முதல்முறை வீட்டுக்கு வந்தபோது எல்லாரும் படிப்பு, குலதெய்வம் என்று விசாரித்துக்கொண்டிருந்தார்கள். என் கணவர் மட்டும் மாப்பிள்ளையின் இடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். கிளம்பும்போது அவரைக் கட்டிப்பிடித்து வழியனுப்பினார். மாமனாருக்கு என்ன பாசம் என்று அந்தப் பிள்ளை நெகிழ்ந்துபோனது. உண்மையில் இவர் அளவெடுத்துக்கொண்டிருந்தார்.

மாப்பிள்ளைக்கு ஒரு பெல்ட். அதுதான் அவர் திட்டம். இருப்பதிலேயே நல்ல தோலைத் தேடி எடுத்தார். வாரை வெட்டினார், சாயமேற்றினார், தைத்தார், ஓரம் தேய்த்தார், திருப்தி வராமல் மறுபடியும் தேய்த்தார். கொக்கியை என்னிடம் கேட்டார். வெள்ளி மெத்தென்ற உலோகம், கொக்கிக்கு அவ்வளவு லாயக்கில்லை என்றேன். “அப்ப தடியா செய்யி,” என்றார். தடிமனாகவே செய்து, மேலே ஒரு வெற்றிலை செதுக்கிக் கொடுத்தேன். கடைசியாக ஓட்டை போடும்போது என்னைப் பக்கத்தில் வரவிடவில்லை. “இந்த ஓட்ட மாப்பிள்ளைக்கி,” என்று முதல் ஓட்டையைப் போட்டார். கல்யாணச் சாப்பாட்டில் உடம்பு வைத்தால் என்று அடுத்தடுத்து இரண்டு மூன்று.

தட்டு அடுக்க வந்த அண்ணியிடம் பெல்ட்டை நீட்டினார். கூடாது என்று மறுப்பதென்றால் அண்ணிக்கு மலாய் வந்துவிடும்.

“தக் போலே, தம்பி. மஞ்சளும் குங்குமமும் வைக்கிற தட்டுல மாட்டுத்தோலா? தக் போலே.”

“தவில் எதுல கட்டுனதுக்கா? மேடைக்கி பக்கத்துலதான உக்காந்து அடிக்கிறாங்க?”

“அது மங்கள வாத்தியம்லா. இது இடுப்புல போடுற வாரு.” பெல்ட்டைத் திருப்பிப் பார்த்தார். “கொக்கி நல்லா இருக்கு. வெள்ளிதான? கொக்கிய மட்டும் கழட்டி குடு, தட்டுல வைக்கலாம்.”

இவர் கையை நீட்டி வாங்கிக்கொண்டார். பெல்ட்டைச் சுருட்டிக்கொண்டு தன் மேசைக்குப் போய்விட்டார். எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிற மனிதர் அப்படிப் போனதில் எனக்கு வலித்தது. அண்ணி மேல் கோபமும் வந்தது. என் வேலைப்பாடு மேடை முழுக்க இருக்கப்போகிறது. மகள் காலில் நான் செய்த கொலுசு. மாப்பிள்ளை அவள் கால் விரலில் போடப்போவது நான் செய்த மெட்டி. ஒட்டியாணம் மகளுக்கு ஒன்று, ஆசை யாரை விட்டது, எனக்கும் ஒன்று. தன் ஒரே மகளின் கல்யாணத்தில் தன் கையால் செய்தது ஒன்று ஒரு ஓரமாவது இருக்க வேண்டும் என்பதைத் தவிர அவர் வேறெதுவும் கேட்கவில்லை.

கல்யாணத்தன்று காலையில் அவருக்கு வேட்டி கட்டிவிடப் போனேன். அதே பெல்ட்டை எடுத்து இடுப்பில் போட்டுக்கொண்டிருந்தார். வாரின் நுனியில், தையல் முடிகிற இடத்துக்குக் கிட்டே, புதிதாக ஓர் ஓட்டை. அவர் தொப்பைக்கு அதுதான் எட்டியது, அதுவும் மூச்சை உள்ளே இழுத்தால்.

“அண்ணிக்கு தெரிஞ்சா?”

“ஜிப்பாக்குள்ள யாரு பாக்கப்போறா? நானும் மேடையில இருப்பேன், அதுவும் இருக்கும்.” பிறகு என் இடுப்பில் இருந்த ஒட்டியாணத்தைப் பார்த்தார். “நீ இத போட்டுக்கிட்டு நின்னா பொண்ணு யாருன்னு ஐயர் கேக்கப்போறாரு.”

செலண்டார் மண்டபத்தில் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. மாப்பிள்ளை காலையில் கட்டி வந்தது இடுப்பில் ஒட்டிக்கொள்கிற ரெடிமேட் வேட்டி. சடங்கின் நடுவில் தட்டில் வைத்து ஆசீர்வாதம் வாங்கிய கூறைப்புடவையையும் வேட்டியையும் பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் கொடுத்து மாற்றி வரச் சொல்வார்கள் அல்லவா? அந்த வேட்டி அசல் பட்டு. ஒட்டுவதற்கு அதில் ஒன்றும் கிடையாது. தினமும் பேன்ட் போட்டு ஆபிஸ் போகிற பிள்ளை அதை எப்படியோ சுற்றிக்கொண்டு, இடது கையால் இடுப்பைப் பிடித்தபடி மேடையேறியது. உட்கார்ந்தது. கன்னிகாதானத்துக்கு எழுந்திருக்கச் சொன்னார் ஐயர். எழுந்தபோது வேட்டி நழுவியதில் பிடி இரண்டு கைக்கும் போய்விட்டது.

“மாப்பிள்ளை, கைய நீட்டுங்க,” என்றார் ஐயர்.

மாப்பிள்ளை நீட்டவில்லை. முகம் மட்டும் சிவந்தது. பக்கத்தில் நின்ற மகள் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். விஷயம் முதலில் புரிந்தது அண்ணிக்குத்தான்.

“ஐயோ, நல்ல நேரம் போவுது! யாராச்சும் ஒரு பெல்ட் குடுங்கலா!”

முன்வரிசையில் பெல்ட் போட்டவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். அவர்கள் நாற்காலியை விட்டு எழுந்திருக்கும் முன்னால் என் கணவர் தன் ஜிப்பாவைத் தூக்கிவிட்டார்.

“தோலு பரவாயில்லயாக்கா?” என்று கேட்டார். மிகவும் மரியாதையாகத்தான் கேட்டார்.

“எதா இருந்தா என்னடா? கட்டிவிடு!”

ஐயர் ஓமத்துக்கு நெய் விடுவதில் மும்முரமாகிவிட்டார். இவர் தன் பெல்ட்டைக் கழற்றி, மாப்பிள்ளையின் வேட்டியைச் சரியாக மடித்து, அதன்மேல் சுற்றி, கொக்கியைப் போட்டு, மாப்பிள்ளையின் ஜிப்பாவை இறக்கிவிட்டார். மாப்பிள்ளை முதலில் ஒரு கையை எடுத்துப் பார்த்தார், பிறகு மற்றதையும். வேட்டி நின்றது. இரண்டு கையையும் நீட்டினார்.

இப்போது என் கணவரின் வேட்டி இறங்க ஆரம்பித்தது.

மகளின் கையைப் பிடித்துக் கொடுக்க அவருக்கு இரண்டு கையும் வேண்டும். தண்ணீர் வார்க்க எனக்கு இரண்டு கையும் வேண்டும். யோசிக்க நேரமில்லை. சொம்பைக் கீழே வைத்துவிட்டு என் ஒட்டியாணத்தைக் கழற்றி, ஜிப்பாவையும் வேட்டியையும் சேர்த்து அவர் இடுப்பில் மாட்டித் திருகாணியை முடுக்கினேன். கச்சிதமாகப் பொருந்தியது. எங்கள் இரண்டு பேர் இடுப்பும் ஒரே அளவு என்பதைச் செலண்டாரும் நியாலாஸும் ஒரே நேரத்தில் தெரிந்துகொண்டன. கீழே சிரிப்பு அடங்க நேரமானது. தவில்காரர் அடியை ஒருமுறை தவறவிட்டதை நானே கேட்டேன்.

அப்படித்தான் எங்கள் மகளைத் தாரை வார்த்தோம். வெள்ளி ஒட்டியாணம் கட்டிய அப்பா அவள் கையை எடுத்து மாப்பிள்ளையின் கையில் வைத்தார். நான் தண்ணீரை வார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்த எனக்கு அழுகையும் வந்துவிட்டது.

தாலி ஏறியது. அட்சதை போட்டு முடித்துத் திரும்பினால் இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். மகள் போகிறாளே என்றுதான் அழுகிறார் என்று நினைத்தேன். தோளில் கை வைத்தேன்.

“மொத ஓட்டையிலயே நின்னுச்சு பாத்தியா?” என்றார்.

“பொண்ண குடுத்துட்டு ஓட்டய பத்தி பேசுறீங்களே!”

“அதுக்குத்தான செஞ்சேன்,” என்றார். “நம்ம பிள்ள கைய புடிக்கிறவரு வேட்டிய புடிச்சிக்கிட்டு நிக்கக்கூடாதுல்ல.”

ஒட்டியாணத்தைத் திருப்பித் தாருங்கள் என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. பந்தியில் எல்லாரையும் விசாரித்து முடியும்வரை அவர் அதைக் கழற்றவேயில்லை.