புயலுக்கா, குண்டுக்கா?

ஈரச் சாக்கு நாத்தம்... இப்பவும் எங்கயாவது மூக்குல பட்டா எனக்கு ஐப்பசி மாசம்தான் ஞாபகம் வருது.

ரெண்டாம் உலகச் சண்டை நடந்துட்டு இருந்த காலம். சூரமங்கலத்துல ஸ்டேஷன் பக்கம் ஒரு கூரை வீடு. அப்பா ரயில்வேல பாயிண்ட்ஸ்மேன், தண்டவாளம் மாத்தி விடற வேலை. எனக்கு ஏழு வயசு இருக்கும், தம்பி கைக்குழந்தை. (நான் சொல்லச் சொல்ல மருமக டைப் பண்றா. தப்பு இருந்தா அவளைத் திட்டுங்க.)

ஐப்பசி பொறந்தா அம்மா புயலுக்கு வீட்டைத் தயார் பண்ணுவாங்க. கூரை மேல கயிறு போட்டு ரெண்டு பக்கமும் கல்லைக் கட்டித் தொங்கவிடறது, வெறகைப் பரண்ல ஏத்தறது, தீப்பெட்டியை அரிசிப் பானைக்குள்ள புதைக்கிறது...

அந்த வருஷம் குண்டு பயமும் சேர்ந்துகிச்சு. ஜன்னலுக்குக் கறுப்புத் துணி, வாசல்ல மணல் மூட்டை. கொல்லையில வேப்பமரத்தடியில அப்பாவே பதுங்கு குழி வெட்டினாரு.

"அபாயச் சங்கு ஊதுனா ஒன்னும் யோசிக்காத. புள்ளைகளத் தூக்கிட்டு குழிக்குள்ள எறங்கிரு."

"ஏனுங்க, காத்தும் குண்டும் ஒன்னா வந்தா?"

"அதெல்லாம் வராது."

வந்துச்சே! ஒரு மத்தியானம் ஊரே இருட்டிப் பேய்க்காத்து, மழை. அப்பா டியூட்டில. நடுவுல சங்கு வேற ஊதுது.

அம்மா தம்பியை இடுக்கிட்டு, என்னை இழுத்துட்டுக் கொல்லைக்கு ஓடினாங்க. குழி நெறையத் தண்ணி. எனக்குக் கழுத்து வரைக்கும் வரும். திரும்பிப் பார்த்தா கூரை எழும்பி எழும்பி விழுது, கட்டுன கல்லெல்லாம் ஊஞ்சல் ஆடுது.

குழிப் பக்கம் போறாங்க... வீட்டுப் பக்கம் வராங்க... மறுபடி குழி.

"மாதாவே, இது குண்டா, காத்தா? எதுக்கு ஒளியறதுன்னாச்சும் சொல்லுங்க தாயே!"

"எங்கம்மா போறது?"ன்னு நான் அழுதேன்.

"தெரியலயே சாமி..."

காத்தை விட அந்த வார்த்தைதான் எனக்கு பயமா இருந்துச்சு. அம்மாவுக்குத் தெரியாதது ஒன்னு இருக்குன்னு அன்னைக்குத்தான் தெரியும்.

கடைசில எங்கயும் போகல. தொவைக்கிற கல்லை ஒட்டி, ஒரு சாக்கைத் தலையில போட்டுட்டு மூனு பேரும் குத்தவெச்சு உக்காந்துட்டோம். கொஞ்ச நேரத்துல மடமடன்னு ஒரு சத்தம். வேப்பமரம் வேரோட சாஞ்சு குழி மேலயே விழுந்துச்சு.

சங்கு ஏன் ஊதுச்சு? தண்டவாளத்துல மரம் விழுந்துச்சுன்னாங்க, யாரோ பயந்து ஊதிட்டாங்கன்னாங்க. இன்னிக்கு வரைக்கும் எனக்கு வெளங்கல.

காத்து அடங்கினதும் அப்பா ஓடி வந்தாரு. நாங்க வீட்டுக்குள்ள தலை துவட்டிட்டு இருந்தோம். அவரு வீட்டைப் பாக்கவே இல்ல... நேரா குழிக்குப் போயி வெறுங்கையால கிளையை முறிக்கிறாரு. "மேரீ... மேரீ"ன்னு கத்துறாரு. அப்பா அம்மாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

"ஏனுங்க, இங்க இருக்கோமுங்க."

அப்படியே சேத்துல உக்காந்து அழுதாரு.

அப்புறம் சாகிற வரைக்கும், ஆடு வாங்கறதுன்னாக்கூட "நீ என்ன சொல்ற?"ன்னு அம்மாகிட்ட கேட்டுட்டுத்தான்.

இப்ப நேத்துல இருந்து போன்ல புயல் அலர்ட் மேல அலர்ட். பையன் மாடிக்குப் போங்கறான், பொண்ணு கீழயே இருங்கறா, டிவிக்காரன் வேற ஒன்னு சொல்றான். எல்லாருக்கும் அக்கறைதான்.

ஆனா நான் என்ன சொல்றேன்னு ஒருத்தர் கேக்கல.