பெட்டிக்குப் போர்த்திய பொன்னாடை

சுயம்புலிங்கம் அண்ணாச்சிக்குப் பொன்னாடை என்றால் உயிர். தேனி பஜாரில் யார் எந்த விழா எடுத்தாலும் நன்கொடை கொடுப்பார். கொடுத்ததற்கு மேடையேறி ஒரு பொன்னாடை வாங்காமல் வீடு திரும்பமாட்டார். ரத்ததான முகாமில் ரத்தம் கொடுத்தவர்கள் பிஸ்கட்டோடு போனார்கள். ஊசியைக் கண்டாலே மயங்கும் அண்ணாச்சி பொன்னாடையோடு போனார். பீரோ நிறைந்து, கட்டிலுக்கு அடியிலும் நிறைந்து, கடைசியில் அவர் மனைவி சுகிர்தம் மதினி, "இனி ஒண்ணு வீட்டுக்குள்ள வந்துச்சு, நான் வெளிய போயிருவேன்" என்று சொல்லிவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் அண்ணாச்சி தன் பாத்திரக்கடைக் குடோனைக் காலி செய்து, மின்சார லோடு ஆட்டோக்களை வாங்கி நிறுத்தினார். ஓடைப்பட்டியிலிருந்தும் காமயகவுண்டன்பட்டியிலிருந்தும் திராட்சை ஏற்றி வரும் வண்டிகள். குடோன் சுவரில் வரிசையாகச் சார்ஜர் பெட்டிகள். டீசல் செலவு மிச்சம், புகை இல்லை, நல்ல காரியம்தான். ஆனால் அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் இருப்பது என் மெத்தைக் கடை. உத்தரம் வரைக்கும் இலவம் பஞ்சு. ஒரு பொறி விழுந்தால் என் பிழைப்பு மொத்தமும் சாம்பல். அதனால் அண்ணாச்சியின் குடோனில் யாராவது தும்மினால்கூட நான் எட்டிப் பார்ப்பேன்.

ஆடிக்காற்று தொடங்கியது. தெருப் புழுதியும், நான் மறுக்கவில்லை, என் கடைப் பஞ்சும் குடோனுக்குள் பறந்தன. அண்ணாச்சி முதலில் ஜன்னல்களை அடைத்தார். பிறகு ஒவ்வொரு சார்ஜருக்கும் ஒரு பொன்னாடையைப் போர்த்தினார். ஜரிகை மினுக்க அவை மாப்பிள்ளைகள் மாதிரி வரிசையாக நின்றன.

சார்ஜர்களைப் பரிசோதிக்க வந்த கம்பெனி என்ஜினியர் பிரின்சி வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்ன சார் இது? உள்ள ஃபேன் ஓடுது, சூடு வெளிய போக வேணாமா? துணிய எடுங்க, ஜன்னலத் திறங்க. வெயில்ல ஓடி வந்த வண்டியக் கொஞ்சம் ஆறவிட்டு அப்புறம் சார்ஜ் போடுங்க."

"இருக்கட்டும்மா, தூசி படிஞ்சிரும்."

"சரி, மெயின் சுவிட்ச் எங்கன இருக்கு?"

அண்ணாச்சி பெருமையோடு சுவரைக் காட்டினார். அங்கே பெரிய கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு பாராட்டுப் பத்திரம். தீத்தடுப்பு விழாவுக்குப் பந்தல் செலவை ஏற்றதற்காக வியாபாரிகள் சங்கம் கொடுத்த பட்டம்: 'பாதுகாப்புச் செம்மல்'. மெயின் சுவிட்ச் அதற்குப் பின்னால் இருந்தது.

பிரின்சி தலையில் கைவைத்துக்கொண்டார். "இத மொதல்ல கழட்டுங்க. கருகுற வாடை வந்தா உடனே அமத்த வேண்டியது அந்தச் சுவிட்சத்தான்."

அவர் போனதும் அண்ணாச்சி சிரித்தார். "கம்பெனிக்காரக ஆயிரம் சொல்லுவாக."

"அந்தப் புள்ள சொல்றதக் கேளுங்க அண்ணாச்சி. சுவத்துக்கு அங்கிட்டுப் பஞ்சு கெடக்கு" என்றேன்.

"நீ பஞ்சப் பறக்கவிடாம கடைய நடத்து. நான் துணிய எடுக்குறேன்."

எரிச்சலாக வந்தது. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்ததால் இன்னும் எரிச்சல். அன்றைக்கே என் கடை ஜன்னல்களுக்கெல்லாம் வலை அடித்தேன். பொன்னாடைகளும் சுவரில் செம்மல் பத்திரமும் அப்படியே இருந்தன.

ஒரு மத்தியானம் டிரைவர் சுருளிவேல் ஓடைப்பட்டியிலிருந்து வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். "தொட்டா சுடுது மொதலாளி, கொஞ்சம் ஆறட்டுமா?"

"அங்கன பறிச்ச திராட்சை அதுவரைக்கும் அழுகாம இருக்குமா? சார்ஜர மாட்டுலே!"

மாட்டினார். கொஞ்ச நேரத்தில் என் கடைக்குள் நைலான் கருகும் வாடை. எழுந்து ஓடினேன். குடோனில் கடைசிச் சார்ஜரின் பொன்னாடை உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. உள்ளிருந்து புகை. வண்டியின் பிளக்கைப் பிடுங்கப் போன சுருளிவேலை இழுத்து நிறுத்தினேன். "தொடாத! மெயின அமத்து!"

எல்லோரும் செம்மலைப் பார்த்தோம். நாலு மூலையிலும் திருகாணி.

"ஏலே, பாத்துக் கழட்டுங்கலே! கண்ணாடி ஒடஞ்சிரும்! ஸ்குரூ டிரைவர் எங்க?" என்று அண்ணாச்சி அலறினார். துணியில் தீ பிடித்துவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் என் பஞ்சு.

மத்தியானச் சாப்பாட்டோடு சுகிர்தம் மதினி உள்ளே வந்தார். சாம்பாரோடு இருந்த தூக்குவாளியை வீசி அடித்தார். கண்ணாடி சிதறியது. கிழிந்த செம்மலுக்குள் கையைவிட்டு மெயினை அமர்த்தினார். சுருளிவேல் கம்பால் பொன்னாடையை வெளியே இழுத்துப்போட்டு மண்ணை அள்ளிக் கொட்டினார். புகை அடங்கியது. நான் கடைக்குப் போய்ச் சுவரில் கைவைத்துப் பார்த்தேன், வெதுவெதுப்பாக இருந்தது. வெட்கமில்லாமல் உட்கார்ந்து அழுதேன்.

இப்போது குடோனில் ஜன்னல்கள் திறந்திருக்கின்றன. சார்ஜர்கள் வெறும் மேனியோடு நிற்கின்றன. வண்டிகள் நிழலில் ஆறிய பிறகுதான் உள்ளே போகின்றன. எல்லாம் மதினியின் உத்தரவு.

சங்கம் சும்மா இருக்குமா? பஜாரைத் தீயிலிருந்து காப்பாற்றியதற்காக அண்ணாச்சிக்குப் பாராட்டு விழா. தூக்குவாளி வீசியவர் முன்வரிசையில் பார்வையாளர். பொன்னாடை போர்த்த, பிழைத்த பக்கத்துக் கடைக்காரன் என்று என்னைக் கூப்பிட்டார்கள். தகரக் கொட்டகை, மின்தடை, ஃபேன் ஓடவில்லை. போர்த்திய மறுநிமிஷமே அண்ணாச்சிக்கு வேர்த்து வழிந்தது.

"அவிஞ்சு போகுதுடா, எடுத்துருறேன்" என்று முனகினார்.

நான் இரண்டு முனையையும் அவர் கழுத்தோடு சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"இருக்கட்டும் அண்ணாச்சி, தூசி படிஞ்சிரும்."