நாலாம் நம்பர் வாய்

கண்டனூர் டவுன் பஸ்ஸில் எதிர் சீட்டுக்காரர் கொட்டாவி விட்டால், நாகரிகம் தெரிந்தவர்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். ஆபிதா உள்ளே எட்டிப் பார்க்கிறாள். உள்நாக்கு முழுசாகத் தெரிந்தால் ஒன்றாம் நம்பர். பாதி தெரிந்தால் இரண்டு. அதன் அடி மட்டும் தெரிந்தால் மூன்று. மேலண்ணத்தைத் தவிர வேறொன்றும் தெரியாவிட்டால் நான்கு. நாலாம் நம்பர்க்காரருக்கு என்றைக்காவது ஆபரேஷன் என்றால், மயக்க மருந்து கொடுத்த பிறகு தொண்டைக்குள் குழாய் இறக்குவது பெரும்பாடு. இதை அவரிடம் பஸ்ஸில் சொல்ல முடியாது என்பதால், ஆபிதா அவருக்காகத் தனியாகக் கவலைப்பட்டுவிட்டுத் தன் ஸ்டாப்பில் இறங்கிக்கொள்கிறாள். கண்டக்டர் மூன்று. டிரைவர் இதுவரை கொட்டாவி விடவில்லை. விடாமல் இருப்பதே எல்லோருக்கும் நல்லது.

வயது இருபத்தைந்து. எம்.பி.பி.எஸ். முடித்து, ஹவுஸ் சர்ஜனாக ஒரு வருடம் ஓடியாடி, இப்போது கண்டனூரில் ஒரு சின்ன கிளினிக்கில் பகல் நேர டாக்டர். முதுநிலை நுழைவுத் தேர்வில் நல்ல ரேங்க் வாங்கிவிட்டாள். கெடுதல் அங்கேதான் ஆரம்பித்தது. ரேங்க் சுமாராக இருந்திருந்தால் மயக்கவியலை எடுத்துக்கொண்டு பேசாமல் போயிருப்பாள். ஏன் என்று ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். வந்ததோ தோல் மருத்துவம் கிடைக்கிற ரேங்க். அதை வைத்துக்கொண்டு மயக்கவியல் கேட்பது, முதல் பந்தியில் பிரியாணிக்கு உட்கார்ந்துவிட்டு எனக்குத் தயிர்ப்பச்சடி மட்டும் போதும் என்று சொல்வதற்குச் சமம் என்பது உறவினர்களின் கருத்து.

அம்மா பர்வீன் பானு இவ்வளவு சுற்றி வளைப்பதில்லை. "ஸ்கின்னுன்னா காலைல பத்துக்குப் போயிட்டு சாயந்தரம் வீட்டுக்கு வந்துரலாம். நடுச்சாமத்துல எவனும் வந்து அரிக்குதுன்னு கதவத் தட்ட மாட்டான்."

அத்தா சேக் தாவூது ஷார்ஜாவில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் சூப்பர்வைசர். மகளின் முடிவுக்குக் காத்திருக்காமல் செக்காலை ரோட்டில் ஒரு கடையைப் பேசி முடித்து, உள்ளே ஆள் உயரக் கண்ணாடி ஒன்றும் மாட்டச் செய்துவிட்டார். தோல் டாக்டரிடம் வருகிறவர்கள் முதலில் கண்ணாடியைத்தான் தேடுவார்களாம். போர்டுக்கு ஆள் தங்கச்சாமி. 'டாக்டர் ஆபிதா' என்று எழுதிவிட்டு, அடுத்த வரிக்கு இடம் விட்டு வைத்திருக்கிறார். தோல், முடி, நகம் என்று எழுதுவதில் அவருக்குச் சிரமமில்லை. சந்தேகம் எல்லாம் மற்றதில்தான். "மயக்கம்னா என்னண்டு எழுதுறது பாப்பா? 'இங்கு மயக்கம் தரப்படும்'னு போட்டா போலீஸுல வந்து நிப்பாகளே."

ஆபிதாவுக்குத் தோல் பிடிக்காது என்று நினைத்துவிட வேண்டாம். கிளினிக்கில் ஒரே வீட்டுக்காரர்கள் மூன்று பேருக்குப் படர்தாமரை வந்தபோது, மூவரும் ஒரே துண்டில் துடைத்துக்கொள்வதைக் கேட்டுக் கண்டுபிடித்து, அன்று முழுக்க ஒரு சுற்றுப் பருத்தது போல நடந்தாள். மேலும் அவள் எட்டு மணி நேரம் தூங்குகிறவள். இரவு அழைப்பு இல்லாத வேலையின் அருமை அவளுக்கும் தெரியும். எனவே திங்கட்கிழமை கேட்டால் ஸ்கின் என்பாள். புதன்கிழமை கேட்டால் மயக்கம் என்பாள். இடையில் என்ன ஆனது என்று கேட்டால், செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் ஒருவர் கொட்டாவி விட்டார் என்பாள்.

அவள் வாழ்க்கையிலேயே மகிழ்ச்சியான நாள் எது என்று விசாரித்தால், ரேங்க் வந்த நாளைச் சொல்வதில்லை. ஒச்சம்மாளைச் சொல்கிறாள். ஒச்சம்மாள் களை எடுக்கப் போகிறவர். ஆபிதா ஹவுஸ் சர்ஜனாக இருந்த ஆஸ்பத்திரியில் கர்ப்பப்பை ஆபரேஷன் முடிந்து அரை மயக்கத்தில் கிடந்தார். நாக்கு பின்னால் சரிந்து மூச்சை அடைத்தது. மயக்க டாக்டர் அழகுசுந்தரம், "தாடையத் தூக்கிப் புடிச்சுக்கம்மா, விட்றாத" என்று சொல்லிவிட்டு அடுத்த மேஜைக்குப் போய்விட்டார். ஆபிதா இரண்டு விரலால் தாடையைத் தூக்கிப் பிடித்தபடி இருபது நிமிடம் நின்றாள். அந்த இருபது நிமிடமும் ஒச்சம்மாள் மூச்சு விட்டதற்கு அந்த இரண்டு விரல்தான் காரணம். ஒச்சம்மாள் கண் விழித்தார். "யாரு தாயி நீ? எம் மூஞ்சிய எதுக்குப் புடிச்சிருக்க? கைய எடு."

இதைச் சொல்லும்போது ஆபிதாவின் முகம் மலர்கிறது. கேட்கிறவர்கள், சரி, அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்கிறார்கள். அப்புறம் ஒன்றும் ஆகவில்லை. கையை எடுத்துவிட்டாள்.

அழகுசுந்தரமே அவளை மயக்கவியலுக்கு அழைக்கவில்லை. "ஸ்கின்னையே எடும்மா. எனக்கு இருவத்திரெண்டு வருஷ சர்வீஸு. ஒரு பேஷன்ட்டுக்காவது எம் பேரு தெரியுமா? எப்பிடித் தெரியும், தூங்கிக்கிட்டுல்ல இருந்தாக."

ஆனால் ஆபிதா முடிவெடுக்கும் முன்பே ஊர் எடுத்துவிட்டது. பக்கத்து வீட்டுத் தேனம்மை, மகளின் பருவைத் தேதிவாரியாகப் படம் எடுத்து வைத்துக்கொண்டு வாசலில் மறிக்கிறார். "இது போன வியாழக்கிழமை, இது இந்த வியாழக்கிழமை. ரெண்டும் ஒரே பருவா, வேற வேறயா?" கிள்ள வேண்டாம், பற்பசை தடவ வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஆபிதா நகர்கிறாள். தேனம்மை இரண்டாம் நம்பர்.

ஆபிதா தோல் டாக்டராகப் போகிறாள் என்ற செய்தி புதுவயல் வரை போய், அங்கிருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டாரைக் கூட்டி வந்தது. மாப்பிள்ளையின் அம்மா, இஞ்சி டீயைக் குடித்து முடித்த கையோடு முக்காட்டை ஒதுக்கிக் கழுத்தைக் காட்டினார்.

"இங்குட்டுப் பாரும்மா. கருப்பாப் படிஞ்சிருக்கு. தேச்சுக் குளிச்சாலும் போகல. எத்தனையோ கிரீமு பாத்தாச்சு. நீ ஸ்கின்னுதானே படிக்கப் போற."

ஆபிதா பார்த்தாள். எழுந்து போய், அவர் மோவாய்க்குக் கீழே மூன்று விரலை வைத்து அளந்தாள். மூன்று விரலுக்கு இடமில்லை.

"மாமி, வாயத் தொறங்க. நாக்க நல்லா நீட்டுங்க."

"கழுத்துக் கருப்புக்கு எதுக்கும்மா நாக்கு?"

"ராத்திரியில கொறட்டை விடுவீகளா?"

மாப்பிள்ளையின் தங்கை முஸ்கான்தான் பதில் சொன்னாள். "விடுவாக. மாடி வரைக்கும் கேக்கும்."

"நடுவுல மூச்சு நின்னு நின்னு வருமா?"

"அத எண்ணிக்கிட்டு நாங்க முழிச்சா இருக்கோம்?"

"சுகரும் பாத்துருங்க மாமி. அந்தக் கருப்பு அதனாலயும் இருக்கும். எங்கயாச்சும் ஆபரேஷன்னு போனீகன்னா, எனக்குக் கொழாய் எறக்கக் கஷ்டமான கழுத்துன்னு முன்னாடியே மயக்க டாக்டர்ட்ட சொல்லிருங்க."

மாமி முக்காட்டை இழுத்து மூடிக்கொண்டார். தட்டிலிருந்த அல்வா அப்படியே இருந்தது. மறுநாள் தகவல் வந்தது: பொண்ணு நல்ல பொண்ணு; ஸ்கின்னு எடுத்தா சொல்லி அனுப்புங்க, மேற்கொண்டு பேசலாம். நான்காம் நாள் இன்னொரு தகவல் வந்தது: சுகர் இருநூற்று எண்பது. பர்வீன் பானு இரண்டையும் சேர்த்துப் படித்தார். "பாத்தியா, தோலப் பாத்தே சுகரக் கண்டுபுடிச்சுட்ட. அல்லா ஒனக்கு எழுதுனது ஸ்கின்னுதான்."

கலந்தாய்வில் விருப்பப் பட்டியலை வரிசைப்படுத்திப் பூட்டக் கடைசி நாள் வந்தது. மாலை ஐந்து மணி வரை நேரம். வரிசையில் எது மேலே இருக்கிறதோ அதுதான் முதலில் கிடைக்கும். பூட்டிய பிறகு மாற்ற முடியாது. ஆபிதாவின் போனில் முதல் பதினொரு வரியும் தோல், பதினொரு கல்லூரிகளில். பன்னிரண்டாவது வரி மயக்கவியல், மதுரை. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து போடச் சொன்ன வரிசை அது. பூட்டுவதற்கான ஓ.டி.பி. அம்மாவின் போனுக்குத்தான் வரும்; விண்ணப்பத்தில் ஆபிதா அந்த நம்பரைக் கொடுத்திருந்தாள். ஆகவே பர்வீன் பானு மதியச் சாப்பாடு முடிந்ததும் போனை மடியில் வைத்துக்கொண்டு, மகளுக்கு எதிரில் சாய்வு நாற்காலியில் காவலுக்கு உட்கார்ந்தார்.

மதியம் மீன் குழம்பு. மூன்றரைக்குக் காவல் தூங்கிவிட்டது. வாய் திறந்தது.

நான்கு. இது ஆபிதாவுக்கு ஏற்கெனவே தெரியும். பஸ்ஸில் பார்க்கிற நான்குகளையெல்லாம் விட இந்த நான்கைப் பற்றித்தான் அவளுக்குக் கவலை அதிகம்.

நாலே முக்காலுக்கு ஷார்ஜாவிலிருந்து குரல் செய்தி வந்தது. "லாக் பண்ணிட்டியாம்மா? கடைக்காரரு போர்டு என்னாச்சுன்னு கேக்குறாரு." ஆபிதா பட்டியலைத் திறந்தாள். பூட்டு என்ற பொத்தானுக்கு மேலே விரலை வைத்துக்கொண்டு பதினொரு தோலையும் ஒருமுறை படித்தாள்.

அப்போது அம்மாவின் குறட்டை நின்றது. நின்றது நின்றபடியே இருந்தது. ஆபிதா எண்ணினாள். எட்டு, ஒன்பது, பத்து. போனை முழங்காலில் வைத்துவிட்டு எட்டி, இடது கையின் இரண்டு விரலை அம்மாவின் தாடைக்குக் கீழே கொடுத்து மெல்லத் தூக்கினாள். மூச்சு ஒரே இழுப்பில் உள்ளே போனது; பிறகு சத்தமில்லாமல், ஒழுங்காக வரத் தொடங்கியது.

வலது கட்டைவிரலால் பன்னிரண்டாவது வரியைப் பிடித்து மேலே இழுத்தாள். பதினொரு தோலும் ஆளுக்கொரு படி கீழே இறங்கி இடம் விட்டன. பொத்தானை அமுக்கினாள். அம்மாவின் மடியில் போன் ஒருமுறை அதிர்ந்தது.

"முடிச்சிட்டியா?" என்றார் பர்வீன் பானு, கண்ணைத் திறக்காமல்.

"இந்தா ஒரு நிமிசம்மா."

மடியிலிருந்த போனில் வந்த ஆறு எண்களையும் தலைகீழாகவே படித்து, ஒற்றைக் கையால் அடித்தாள். தாடைக்குக் கீழே இருந்த விரல்களை எடுக்கவில்லை.