ஆளுக்கு ஒரு டோக்கன்

ரோஸ்விதா டெர்ஹார்ட்டிடம் ரொட்டி வாங்குகிறவர்கள் மீதிச் சில்லறையை எடுத்துக்கொண்டு உடனே கிளம்ப மாட்டார்கள். அவர் "நன்றி" சொல்வதற்காக நிற்பார்கள். சொன்னதும் கண்ணாடி அலமாரி அதிர "பரவாயில்ல!" என்று கத்திவிட்டுத்தான் வெளியே போவார்கள். பிரிங்க்ஃபெல்டே என்ற எங்கள் ஜெர்மன் ஊருக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் முதல் நாள் திடுக்கிடுவார்கள். அடுத்த சனிக்கிழமை யாராவது அவர்களைக் கால்பந்து மைதானத்துக்குக் கூட்டிப்போனால் விஷயம் விளங்கிவிடும்.

மைதானத்து ஒலிபெருக்கியில் வருவது ரோஸ்விதாவின் குரல். எங்கள் சங்கம் கோல் போட்டால், போட்டவரின் முதல் பெயரை அவர் சொல்வார். குடும்பப் பெயரை நாங்கள் கத்துவோம். "நமக்கு?" என்று கேட்பார். எத்தனையோ அதைக் கத்துவோம். "வந்தவங்களுக்கு?" என்பார். "சைபர்!" வந்தவர்கள் மூன்று போட்டிருந்தாலும் சைபர்தான். கடைசியில் "நன்றி!" என்பார். "பரவாயில்ல!" என்று நின்று பார்க்கும் பக்கம் முழுவதும் பதில் சொல்லும். நான்காம் பிரிவில் ஆடும் சங்கம் இது. அவருக்குச் சம்பளம் கிடையாது, ஆட்டத்தன்று ஒரு காப்பியும் ரொட்டியில் வைத்த சாசேஜும் உண்டு.

கணவர் இறந்த அதே வாரத்தில்கூட அவர் ஒலிபெருக்கி அறைக்குப் படி ஏறினார். தங்கை கெர்லிண்ட தடுத்துப் பார்த்தாள்.

"வீட்ல உக்காந்து சுவத்தோடவா பேசச் சொல்ற?" என்றார் ரோஸ்விதா. "அங்க போனா ரெண்டாயிரம் பேர் பதில் சொல்றாங்கடி."

தோற்றால் ஐந்தாம் பிரிவுக்கு இறங்கவேண்டிய ஒரு கடைசி ஆட்டம் எங்கள் எல்லாருக்கும் நினைவிருக்கிறது. அன்று அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது. ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் இங்மார் வெசல்ஸ் தலையால் முட்டிக் கோல் போட்டான். ரோஸ்விதாவின் அலறல் பாதியில் உடைந்து, சின்னப் பிள்ளையின் குரல்போல மேலே போயிற்று. "நன்றி" என்று வந்தது பாதி அழுகை. எங்கள் பதிலும் அப்படித்தான் இருந்தது.

சங்கத் தலைவர் எக்கார்ட் லூக்கெ ரோஸ்விதாவோடு ஒரே பெஞ்சில் படித்தவர். ரோஸ்விதாவுடைய கணவரின் சவப்பெட்டியைச் சுமந்தவர்களில் ஒருவர். கொரோனாவுக்குப் பிறகு மைதானம் மறுபடி திறந்த வசந்தத்தில், வெள்ளை ஷூ போட்ட ஒரு இளைஞனைக் கடைக்குக் கூட்டிவந்தார். அவன் ஏதோ வெளியூர்க் கம்பெனிக்காரன். இங்மார் போட்ட அந்தக் கோலின் வீடியோவை, ரோஸ்விதாவின் குரலோடு, எண் போட்ட டிஜிட்டல் டோக்கன்களாக விற்கப்போகிறார்களாம். போனிலேயே வைத்துக்கொள்ளலாம், விற்கலாம். வைத்திருப்பவர்கள் மைதானத்து விஷயங்களில் ஓட்டும் போடலாம்: என்ன பாட்டு, பஸ்ஸுக்கு என்ன நிறம், இந்த மாதிரி.

"உன் குரலைக் குடுப்பியா ரோசி?" என்று கேட்டார் எக்கார்ட்.

"எடுத்துக்கோ. சங்கத்துக்குத்தானே," என்று மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு அவர் கையைக் குலுக்கினார் ரோஸ்விதா.

பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் பொதுக்கூட்டம் நடந்தது. பாட்டும் கூச்சலும் இனி டோக்கன்காரர்கள் முடிவுக்கு விடப்படும் என்று தீர்மானம் வந்தபோது எல்லாரும் ஓட்டுக்குக் காட்டும் மஞ்சள் அட்டையைத் தூக்கினோம். ரோஸ்விதாவின் அட்டைதான் முதலில் மேலே போனது.

கெர்லிண்டவுக்கு மட்டும் ஆரம்பத்திலிருந்தே கிண்டல். "டோக்கன்னா சூப்பர்மார்க்கெட் தள்ளுவண்டியில செருகறதா? அதையாவது செருகினா வண்டி நகரும். இத எங்க செருகறது?"

"ஒனக்கு எல்லாமே இளக்காரம்," என்றார் ரோஸ்விதா.

"இல்ல ரோசி, தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன். மைதானத்துல பியர் கோப்பையைத் திருப்பிக் குடுத்தா முன்பணம் ரெண்டு யூரோ வரும். இத யார்கிட்ட திருப்பிக் குடுக்கறது?"

"நம்ம சங்கம்டி. கையில ஒரு ஓட்டு இருக்கும்ல."

அந்த வாரங்களில் கடைக்கு வந்தவர்கள் எல்லாரும் கேட்டது ஒன்றைத்தான். வாங்கலாமா ரோசி? தாராளமாக வாங்குங்கள் என்றார் அவர். ஆனால் ஆளுக்கு ஒன்று போதும். ஒருவருக்கு ஒரு ஓட்டுதானே, இரண்டு வாங்குவது பேராசை. எங்கள் ஊரில் பாட்டுக் குழுவிலும், தீயணைப்புச் சங்கத்திலும், முயல் வளர்ப்போர் சங்கத்திலும் அப்படித்தான். பணக்காரரானாலும் தூக்குவது ஒரே கை. அதனால் இதுவும் அப்படித்தான் என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. அவர் ஒன்று வாங்கினார். கெர்லிண்டகூட முணுமுணுத்துக்கொண்டே ஒன்று வாங்கினாள். ஊரே ஆளுக்கு ஒன்று வாங்கியது.

இலையுதிர் காலத்தில் முதல் ஓட்டெடுப்பு போனில் வந்தது. இனி ஒவ்வொரு கோலுக்கும் அறிவிப்பாளர் நேரில் பேசவேண்டுமா, அல்லது டோக்கனில் உள்ள அந்தக் குரலையே ஒலிக்கவிடலாமா?

ரோஸ்விதா அடக்கமுடியாமல் சிரித்தார். "பாருங்க, எனக்கு எதிரா என்னையே நிக்க வச்சிருக்காங்க!"

ஊர் முழுக்க நேரில் பேசும் ரோஸ்விதாவுக்கு ஓட்டுப் போட்டது. ஜெயித்தது டோக்கன் குரல். கொஞ்சநஞ்ச வித்தியாசத்தில் அல்ல.

அவர் ஏப்ரனோடு சங்கத்தின் பியர்க் கூடத்துக்குப் போனார். எக்கார்ட் பியர் கிளாஸ்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். நாங்கள் சிலர் ஜன்னலோரம் இருந்தோம்.

"எண்ணினதுல தப்பு இருக்கு எக்கார்ட். ஊரே எனக்குத்தான் போட்டுச்சு."

"போட்டுச்சு. ஆனா ஓட்டு ஆளுக்கு இல்ல ரோசி, டோக்கனுக்கு. நூறு வச்சிருக்கறவனுக்கு நூறு ஓட்டு."

"நூறா? யாரு நூறு வாங்கினது?"

"லிஸ்பன்ல ஒருத்தன். சிங்கப்பூர்ல ஒருத்தன். இன்னும் எங்கெங்கயோ. கோல் விழற போதெல்லாம் அந்தச் சத்தம் கேட்டாத்தான் அவங்க கையில இருக்கறது விலை ஏறும்னு நெனைக்கறாங்க."

"அவங்க இங்க ஒரு ஆட்டம் பாத்திருக்காங்களா?"

"பாக்கணும்னு இல்லையே."

"இது உனக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டார் ரோஸ்விதா.

எக்கார்ட் ஒரு கிளாஸை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். "ஆரம்பத்துலேர்ந்தே."

"நான் கடையில நின்னு ஆளுக்கு ஒண்ணு போதும், ஒண்ணு போதும்னு சொன்னேன். நீ பக்கத்துல நின்னு ரொட்டி வாங்கிட்டிருந்த."

"நீ அவ்ளோ சந்தோஷமா சொல்லிட்டிருந்த. நடுவுல நான் என்னத்தச் சொல்ல? மைதானத்துக்குப் புது விளக்கு போடவேண்டியிருந்துச்சு ரோசி. போடலன்னா அடுத்த வருஷம் ஆடவே விட்டிருக்கமாட்டாங்க."

"விளக்குன்னு கேட்டிருக்கலாமே. கேக் சுட்டு வித்துக் குடுத்திருப்போம்."

"கேக்கா!" எக்கார்ட் சிரித்துவிட்டார். கெட்ட எண்ணத்தோடு சிரித்ததாகத் தெரியவில்லை. ஆனால் அந்தச் சிரிப்பைக் கேட்ட பிறகு ரோஸ்விதா அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"நீ ஒண்ணும் போகவேண்டாம்," என்றார் எக்கார்ட் அவசரமாக. "அறையில நீயே இரு. பொத்தானை நீயே அமுக்கு. உன் குரல்தானே."

அறைச் சாவியை ஏப்ரன் பையிலிருந்து எடுத்து, ஈரக் கிளாஸ்களுக்கு நடுவில் வைத்துவிட்டு அவர் வெளியே போனார்.

அடுத்த சனிக்கிழமை ரோஸ்விதா முதல்முறையாக எங்களோடு கீழே நின்றார். கழுத்துத் துண்டை எப்படிச் சுற்றுவது என்றுகூடத் தெரியாதவர்போல இருந்தார். ஆளாளுக்கு வந்து தோளைத் தட்டி, எக்கார்ட்டைத் திட்டிவிட்டுப் போனார்கள். கெர்லிண்ட வரிசை வரிசையாகப் போய் எல்லாரிடமும் சொல்லிவைத்தாள்.

"இன்னிக்கு ஒருத்தரும் வாயத் தொறக்கக்கூடாது. அந்த மெஷின் தனியாக் கத்திட்டுக் கெடக்கட்டும். புரியுதா? எவனாவது வாயத் தொறந்தீங்க, சாசேஜுக்குத் தொட்டுக்கற கடுகு சாஸ் சட்டியைத் தலையில கவுத்துருவேன்."

எல்லாரும் தலையாட்டினோம். டோக்கன் காசில் போட்ட புது விளக்குகள் எரிந்தன. புல் அதுவரை பார்த்திராத பச்சையில் இருந்தது.

இரண்டாம் பாதியில் எங்கள் பையன் ஒருவன் இடது மூலையிலிருந்து கோல் போட்டான். ஒலிபெருக்கியில் ரோஸ்விதாவின் உடைந்த அலறல் எழுந்தது. போட்டவன் பெயர் வரவில்லை. பெயரையும் எண்ணிக்கையையும் கம்பெனி வெட்டியிருந்தது. அலறல் முடிந்து, பாதி அழுகையாக "நன்றி!" வந்தது.

"பரவாயில்ல!"

பதிவிலேயே கூட்டத்தின் பதிலும் இருந்தது. அதோடு சேர்ந்து எங்கள் பக்கம் முழுவதும் கத்தியது. எது ஒலிபெருக்கியில் வந்தது, எது எங்கள் தொண்டையில் வந்தது என்று பிரிக்க முடியவில்லை. எல்லாரையும்விடச் சத்தமாகக் கத்தியவள் கெர்லிண்ட. இரண்டு கையும் மேலே இருந்தன. தாடையில் கடுகு சாஸ் ஒட்டியிருந்தது.

ரோஸ்விதா தங்கையைப் பார்த்தார். கெர்லிண்டவின் கைகள் மெதுவாக இறங்கின.

"வாயில தானா வந்துருச்சு ரோசி."

"தெரியுது."

"உன் குரல்தானே அது. உனக்குத்தான் பதில் சொன்னோம்."

"எனக்கா? நான் இங்க நிக்கறேன்."

கெர்லிண்ட ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் இரண்டாவது கோல் விழுந்துவிட்டது. அலறல், "நன்றி!", "பரவாயில்ல!" இந்த முறை கெர்லிண்ட உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவளைத் தவிர வேறு யாரும் கடித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. ரோஸ்விதா தன் காலிக் கோப்பையை, கொடுத்துக் காசு வாங்காமல், கம்பித் தடுப்பின்மேல் வைத்துவிட்டு ஆட்டம் முடியும் முன்பே வீட்டுக்குப் போனார்.

குளிர்காலம் வருவதற்குள் டோக்கனின் விலை தரையில் கிடந்தது. வாரம் தவறாமல் இலவசமாகக் கேட்கும் ஒரு அலறலைக் காசு கொடுத்து வாங்க லிஸ்பனிலும் ஆள் இல்லை. விற்றுவிட்டுப் போனவர்கள் போய்விட்டார்கள். ஊரில் மட்டும் எல்லார் போனிலும் ஆளுக்கு ஒன்று மிச்சம் இருந்தது. யாருமே மறுபடி ஓட்டெடுப்புக்கு அழைக்காததால் மைதானத்தில் பதிவு ஒலித்துக்கொண்டே இருந்தது.

ஒரு திங்கட்கிழமை காலை கடையில் எனக்கு முன்னால் ஓய்வுபெற்ற தபால்காரர் பொல்மன் நின்றார்.

"டோக்கன் ரொம்ப சல்லிசா வருதாமே ரோசி. இப்ப நாலு வாங்கிப் போட்டு வைக்கட்டுமா?"

"எந்த ரொட்டி வேணும்னு சொல்லுங்க."

"கசகசா தூவினது நாலு."

ரோஸ்விதா நாலையும் பையில் போட்டு, வாயை மடித்து, சில்லறையைத் தட்டில் வைத்தார். பொல்மன் பையை எடுத்துக்கொண்டார். ஆனால் நகரவில்லை. மூச்சை இழுத்து, "பரவாயில்ல" என்று கத்துவதற்குத் தயாராக நின்றார்.

ரோஸ்விதா ரொட்டி எடுக்கும் இடுக்கியைத் துணியால் துடைத்து, இருந்த இடத்தில் மாட்டினார்.

"என்ன ரோசி, இன்னிக்கு…" என்றார் பொல்மன்.

"அடுத்தது யாரு?" என்று கேட்டார் ரோஸ்விதா.