பாதி வழியில் நின்ற பாதை

மாடு கறக்கும் அந்தி வேளையில் செய்தி வந்தது. பக்கத்துப் பண்ணை ரூபன் தொழுவத்து வாசலிலேயே நின்றுகொண்டான். காலணியில் ஒட்டிய பனியைக்கூடத் தட்டவில்லை.

"பாஸ்டன்ல மாநாடு முடிஞ்சுபோச்சு அண்ணி. எல்லா மாகாணத்துக்கும் சேர்த்து எழுதுன புது அரசியல் சட்டத்தை ஏத்துக்கிட்டாங்க. பத்தொன்பது ஓட்டு வித்தியாசம். ஏத்துக்கிட்டவங்கள்ல உங்க வீட்டுக்காரரும் ஒருத்தர்."

மெகேதபேலின் கை பசுவின் மடியிலேயே நின்றது. "அவர் வேண்டாம்னு சொல்லத்தானே போனாரு?"

"நாங்களும் அப்படித்தான் நெனச்சோம்."

அவள் கணவர் ஒபதியாவுக்குச் சுதந்திரப் போரில் இடது காது கேட்காமல் போயிருந்தது. ஊர்க்கூட்டங்களில் அவருடைய வலப்பக்கம் உட்கார இடம் பிடிப்பார்கள், அவ்வளவு மரியாதை. போன குளிர்காலத்தில், நிலம் கடனுக்குப் பறிபோவதை எதிர்த்துக் கிளம்பிய குடியானவர்களோடு அவர் மகன் ஏனோக்கும் போனான். அரசுப் படை சுட்டதில் செத்தான். மகனைப் பறிகொடுத்தவர் இன்னும் பெரிய அரசாங்கத்துக்குக் கை தூக்கமாட்டார் என்றுதான் ஊர் அவரை அனுப்பியது. 'வேண்டாம்' என்று ஊர் தீர்மானித்தால் போகிறவர் அதைத்தான் சொல்ல வேண்டும்.

திரும்பி வந்தவருக்குப் பீன்ஸ் கஞ்சியை வைத்துவிட்டு மெகேதபேல் நின்றபடியே கேட்டாள். "ஏன்?"

"மக்களோட உரிமைய அதுல எழுதிச் சேர்க்கக் கேப்போம்னு வாக்குக் குடுத்தாங்க. இது இல்லேன்னா மாகாணத்துக்கு மாகாணம் அடிச்சுக்குவோம். இன்னும் எத்தன ஏனோக்கைப் பொதைக்கிறது?"

"நீங்க ஊருக்குக் குடுத்ததும் வாக்குதான்."

அவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

அந்த ஞாயிறு ஆலயத்தில் எல்லாரும் அவருடைய இடப்பக்கமாக நின்றே பேசிக்கொண்டார்கள்.

பிறகு பனி கொட்டியது. அந்த மலையில் பனி விழுந்தால் முதல் பண்ணை மாடுகள் கிளம்பி, கனத்த மரக்கட்டையை இழுத்துப் பாதை திறந்துகொண்டு அடுத்த வீட்டுக்கு வரும். அங்கே இன்னொரு ஜோடி சேரும். கடைசி வீடுவரை அப்படித்தான். யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. கடைசி வீடு ஒபதியாவுடையது.

மாட்டு மணிகள் ரூபன் வீடுவரை வந்தன. அங்கேயே திரும்பின.

"பாஸ்டனுக்கே வழி தெரிஞ்ச மனுஷன், ரோட்டுக்கு வரமாட்டாரா?" என்று எவனோ கத்தினான். சிரிப்பு எழுந்தது. அது அவருக்குக் கேட்டிருக்காது என்று அவள் நம்ப விரும்பினாள்.

அவருடைய ஒற்றை ஜோடி மாடு வாசலுக்கு முன்னிருந்த ஏற்றத்தில் நெஞ்சுவரை புதைந்து நின்றுவிட்டது. ஒபதியா மண்வாரியை எடுத்துத் தானே பனியை வெட்டத் தொடங்கினார். "நீங்க உள்ள வாங்க. நானே போய் ரூபன்கிட்டச் சொல்றேன்" என்றாள்.

"வேணாம். கெஞ்சக் கூடாது."

மூன்றாம் நாள் இருமியபடி உள்ளே வந்து படுத்தார். இரவெல்லாம் மூச்சு இழுத்தது. விடிந்ததும் அவள் இடுப்பளவு பனியில் நீந்துவதுபோல் ரூபன் வீட்டுக்குப் போனாள்.

"வைத்தியரைக் கூட்டிட்டு வா."

"அவரு குதிரை உங்க வீட்டுக்கு ஏற வழி இல்லையே அண்ணி."

"ஆமா. நீங்க விட்டுட்டுப் போன வழிதானே."

ரூபன் தலை குனிந்தான். உடனே மாடு பூட்டி ஊருக்கு ஆள் அனுப்பினான். வைத்தியர் வந்து சேர்வதற்குள் ஒபதியாவின் மூச்சு நின்றுவிட்டது.

சவப்பெட்டியை எடுத்துப்போக ஊர் மாடுகள் எல்லாம் வந்தன. வாசலுக்கு நேராகப் பாதை திறக்க முனைந்தவர்களை மெகேதபேல் தடுத்தாள்.

"அதத் தொடாதீங்க. தோட்டத்துப் பக்கமா எடுத்துட்டுப் போங்க."

ஒபதியா வெட்டிய பாதை வாசலில் தொடங்கி, கிணற்றைத் தாண்டி, வேலிக் கதவுக்கு ஒரு வண்டி நீளம் முன்னால் நின்றிருந்தது. அங்கே அவருடைய மண்வாரி பனியில் குத்தி நின்றது.