மஞ்சள் கட்டமும் மேல்நோக்கிய அம்பும்

என் மகளைக் குழந்தைகள் காப்பகத்துக்குப் பழக்க ஆறு கிழமைகள், அதாவது ஒன்றரை மாதம், வேண்டும் என்றார்கள். முதல் கிழமை நான் அறைக்குள்ளேயே இருக்க வேண்டும். இரண்டாம் கிழமை பத்து நிமிடம் வெளியே போகலாம், ஆனால் கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் நடைவழியில் இருக்க வேண்டும். பிள்ளை அழுது, ஆசிரியை தூக்கியதும் அடங்கினால் மட்டும் அடுத்த கிழமை அரை மணி நேரம். ஜேர்மனியில், எர்லாங்கன் நகரத்தில், எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளியிருக்கிறது அந்தக் காப்பகம். மேசை மூலைகள் எல்லாவற்றுக்கும் ரப்பர் ஒட்டியிருந்தார்கள். கதவிடுக்கில் விரல் போகாமலிருக்கத் தனியாக ஒரு பட்டி. இவ்வளவு இருந்தும் ஆறு கிழமை.

அந்த நடைவழியில், மூன்று வயதுப் பிள்ளைகளுக்கான நாற்காலியில், முழங்கால் நாடியில் முட்ட உட்கார்ந்துகொண்டு, நான் மடிக்கணினியில் ஒரு நாட்டை முதலீட்டுக்குத் தயார் செய்துகொண்டிருந்தேன்.

நாட்டின் பெயரை எழுதப் போவதில்லை. என் வேலை ஒப்பந்தம் அதை அனுமதிக்காது. நான் ஒப்பந்தங்களைக் கடைசி வரி வரை வாசிக்கிற ஆள். எண்ணெய் நிறைய உள்ள நாடு, போர் முடிந்த நாடு என்று சொன்னால் போதும். 'முடிந்த' என்ற சொல் சரிதானா என்று இப்போதும் ஒரு தரம் யோசித்தேன். இருக்கட்டும்.

நான் வேலை செய்வது ஒரு சிறிய ஆலோசனை நிறுவனத்தில். பகுதி நேரம், பெரும்பாலும் வீட்டிலிருந்து. ஜேர்மன் தொழிற்சாலைகள் வெளியே எங்காவது போய் எதையாவது கட்டுவதற்கோ விற்பதற்கோ முன் எங்களிடம் அறிக்கை வாங்கும். அந்த அறிக்கைகளை எழுதப் பழகியதில் நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான்: ஒரு நாட்டில் இல்லாத எதுவும் குறையல்ல. பாலம் உடைந்துவிட்டதா, கட்டுமானத் துறைக்கு வாய்ப்பு. குடிதண்ணீர் உப்பாக வருகிறதா, சுத்திகரிப்புத் துறைக்கு வாய்ப்பு. அந்த நாட்டில் எண்ணெய்க் கிணறுகளில் வரும் எரிவாயுவை வானத்தைப் பார்த்து எரியவிட்டுவிட்டு, மின்சாரத்துக்குப் பக்கத்து நாட்டிலிருந்து எரிவாயு வாங்குகிறார்கள். அப்படியும் கோடையில் மின்சாரம் இல்லை. தெருவுக்கு ஒரு ஜெனரேட்டர்காரர் வீட்டுக்கு வீடு வயர் இழுத்து விற்கிறார். நான் எழுதினேன்: மின்துறை, மிக உயர்ந்த வாய்ப்பு. எண்ணெய் விலை ஏறினால் அரசாங்கம் சம்பளத்தை நேரத்துக்குக் கொடுக்கும், இறங்கினால் அமைச்சர்கள் வேறு தொழில்களை வளர்ப்பது பற்றிப் பேசுவார்கள். நான் எழுதினேன்: சீர்திருத்தத்துக்கான அரசியல் விருப்பம் தெரிகிறது. நாடு எவ்வளவுக்கு இருண்டு கிடந்ததோ அவ்வளவுக்கு என் அறிக்கை பிரகாசமாக வந்தது.

கடைசிப் பக்கத்தில் ஒரு அட்டவணை. சட்டம், வங்கி, போக்குவரத்து, பாதுகாப்பு என்று கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் இப்போதைய நிலைமைக்கு ஒரு நிறம், அது எந்தப் பக்கம் போகிறது என்பதற்கு ஒரு அம்பு. யாரும் மற்றப் பக்கங்களை வாசிப்பதில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் எழுதினேன்.

பாதுகாப்புக் கட்டத்துக்காக அந்த நாட்டுத் தலைநகரில் வெளிநாட்டுப் பொறியியலாளர்கள் தங்கும் விடுதி ஒன்றின் நிர்வாகியைத் தொலைபேசியில் பிடித்தேன். ஆங்கிலத்தில் கதைத்தோம். இனிமையான மனிதர். "வீதிகள் திறந்துவிட்டன. இரவில் சாப்பாட்டுக் கடைகள் நிரம்பி வழிகின்றன. போன வருடம் மாதிரி இல்லை, எல்லோரும் வரலாம்," என்றார். நான் தட்டச்சுச் செய்தேன். அந்த நேரம் பார்த்து அறைக்குள் என் மகள் வீறிட்டாள்.

"உங்கள் பிள்ளையா? எத்தனை வயது?"

"ஒன்றரை ஆகப் போகிறது. மன்னியுங்கள்."

"எதற்கு மன்னிப்பு? எனக்கும் ஒரு மகள். நாலு வயது. அவளும் இப்படித்தான், குரல் பெரிது. தாயோடு வெளிநாட்டில் இருக்கிறாள். போன வருடம் அனுப்பினேன். இங்கே கொஞ்சம் சரியாகட்டும் என்று."

ஆசிரியை கதவைத் திறந்து என்னைக் கையால் கூப்பிட்டார். நான் நன்றி சொல்லி வைத்துவிட்டு ஓடினேன். பிறகு வந்து அவர் சொன்னவற்றை அறிக்கையில் சேர்த்தேன். மகளைப் பற்றிச் சொன்னதைச் சேர்க்கவில்லை. அதற்கு அட்டவணையில் கட்டம் இல்லை.

பாதுகாப்புக்கு நான் செம்மஞ்சள் போட்டிருந்தேன், மஞ்சளைவிட ஒரு படி ஆபத்தான நிறம். என் மேலாளர், நல்ல பெண்மணிதான், தொலைபேசியில் வந்தார். "நீங்கள் விவரித்திருப்பது மஞ்சள். நிறம் மட்டும் செம்மஞ்சள். உங்களிடம் வேறு ஏதாவது ஆதாரம் இருக்கிறதா?"

இல்லை என்றேன். மஞ்சளாக்கி, அவர் சொன்னபடி அம்பை மேல்நோக்கி வைத்தேன். அவர் சொன்னது தர்க்கப்படி சரி. நான் எப்போதும் கூடுதலாகப் பயப்படுகிற ஆள் என்பதும் சரி. பிள்ளையின் காய்ச்சலை மூன்று வெப்பமானிகளால் பார்க்கிறவள் ஒரு நாட்டுக்கு நிறம் போடலாமா?

இரண்டு கிழமை கழித்து ஒரு பின்னேரம் என் கணவர் சைக்கிள் தொப்பியைக் கழற்றாமலே சமையலறைக்குள் வந்தார். அவர் தமிழ்நாட்டிலிருந்து படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவர். நான் யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்கு இந்த நாட்டிலேயே, வுப்பர்டாலில் பிறந்தவள். மின் நிலையங்களின் கட்டுப்பாட்டுக் கருவிகளைப் பொருத்துவது அவருடைய வேலை.

"ஏம்மா, ஒரு குட் நியூஸ். சைட் இன்சார்ஜ். ஆறே மாசம். திரும்பி வந்தா டீம் லீட் கன்ஃபர்ம்."

"எங்க?"

நாட்டின் பெயரைச் சொன்னார். மகளின் வாய்க்கு முன்னால் என் கரண்டி நின்றுவிட்டது. அவள் கையால் எட்டிப் பிடித்துத் தானே வாய்க்குள் இழுத்துக்கொண்டாள்.

"முகத்தை அப்படி வெச்சுக்காத. செக்யூரிட்டி எல்லாம் பார்த்தாச்சு. எங்க பாஸ் காசு குடுத்து ஒரு ரிப்போர்ட் வாங்கியிருக்கார். கடைசிப் பக்கத்தை ஸ்க்ரீன்ல போட்டுக் காட்டினார். மஞ்சள். அம்பு மேல நோக்கி."

"மஞ்சள் எண்டா கவனம் எண்டுதானே?"

"நீ சிக்னல்ல சைக்கிள் ஓட்டுற மாதிரியே பேசு. அம்பைப் பாரும்மா, அம்பை! யாரோ உக்காந்து ஒழுங்கா ஸ்டடி பண்ணி எழுதியிருக்காங்க."

யாரோ மூன்று வயதுப் பிள்ளையின் நாற்காலியில் உட்கார்ந்து எழுதியிருந்தாள். அதை அன்றைக்குச் சொல்லவில்லை. ஒப்பந்தம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் வெட்கம்.

அவர் பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து மேசையில் வைத்தார். குடும்பம் உடன் வருகிறதா, ஆம், இல்லை. கீழே துணையின் கையெழுத்து. வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். "மூணு பேருமா போலாமே. நீ எப்படியும் வீட்ல இருந்துதானே வேலை பாக்குற? காம்பவுண்டுக்குள்ள ஸ்விம்மிங் பூல் கூட இருக்காம்."

அடுத்த நாள் வுப்பர்டாலில் இருக்கும் அப்பாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். அப்பா ஒரு போரிலிருந்து தப்பி இங்கே வந்தவர். அந்தப் போர் முடிந்ததும் இரண்டு சிநேகிதர்களோடு சேர்ந்து யாழ்ப்பாணத்தில் ஒரு கல்யாண மண்டபம் கட்டியவர். முதலீடு பற்றிக் கேட்க எனக்குத் தெரிந்த ஒரே முதலீட்டாளர் அவர்தான்.

"போகட்டும் பிள்ளை," என்றார் அப்பா. யோசிக்கவே இல்லை. "சண்டை முடிஞ்ச இடத்திலதான் வளர்ச்சி. அதுவும் எண்ணெய் இருக்கிற இடம். முதல் போறவனுக்குத்தான் எல்லாம்."

"உங்கட கல்யாண ஹோல் இப்ப என்ன மாதிரி அப்பா?"

"அது இடம் பிழைச்சுப்போச்சு. பார்க்கிங் இல்லை. இப்ப உள்ளுக்க நெல்லு மூட்டை அடுக்கி வைச்சிருக்கினம். அதுவும் நல்ல பாதுகாப்பாத்தான் இருக்கு."

"அப்ப இவரை அனுப்பலாம் எண்டுறீங்கள்."

"ஓம் ஓம். தாராளமா."

"நானும் பிள்ளையும் சேர்ந்து போறம் எண்டு யோசிக்கிறம்."

அந்தப் பக்கத்தில் தொலைக்காட்சிச் சத்தம் சட்டென்று நின்றது. "உனக்கென்ன விசரே? பச்சைப் பிள்ளையைக் கொண்டு அங்க போறதே? அதுவும் காப்பகத்தில இடம் கிடைச்சிருக்கிற நேரம்!"

எனக்கு மண்டபத் திறப்புவிழா நினைவுக்கு வந்தது. நான் அப்போது பல்கலைக்கழக மாணவி. வெள்ளை வேட்டியோடு ஒவ்வொருவராக மேடையேறி, இந்த மண்ணின் எதிர்காலம் பற்றி நம்பிக்கையோடு பேசினார்கள். பேசி முடித்து இறங்கிவந்து, லண்டனிலும் டொரொன்டோவிலும் படிக்கிற தங்கள் பிள்ளைகளின் படங்களை ஒருவருக்கொருவர் கைபேசியில் காட்டினார்கள். ஒருவர் பிள்ளைகூட அந்த மண்ணில் இல்லை. நான்கூட மூன்றாம் நாள் விமானத்தில் திரும்பிவிட்டேன். பரீட்சை இருந்தது.

விடுதிக்காரர் தன் மகளைப் பற்றிச் சொன்னது அதற்குப் பிறகுதான் எனக்கு முழுதாகக் கேட்டது.

வெள்ளி காலை, பாணும் ஜாமும் இருந்த மேசையில், படிவத்தில் 'இல்லை' என்ற கட்டத்தில் சரிக்குறி போட்டேன்.

"பயமா?" என்றார் கணவர். "சரி, நீங்க இங்க இருங்க. நான் போயிட்டு வரேன்."

"அந்த அறிக்கையை எழுதினது ஆர் எண்டு தெரியுமோ?"

"ஏதோ கன்சல்டன்ஸி."

"நான்."

முதலில் சிரித்தார். நான் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினேன். ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவை மீறுகிறேன் என்பதை இலக்கத்தோடு அறிந்தே காட்டினேன். அவர் அந்த மஞ்சள் கட்டத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நீ அந்த ஊருக்குப் போனதே இல்லையே."

"இல்லை. போன் எடுத்தனான்."

"யாருக்கு?"

விடுதிக்காரரைப் பற்றியும், எல்லோரும் வரலாம் என்று அவர் சொன்னதையும், அவருடைய நாலு வயது மகளையும் சொன்னேன். மகளைப் பற்றி எழுதாமல் விட்டதையும் சொன்னேன். என் கணவர் மடிக்கணினியை விட்டுவிட்டுப் படிவத்தைப் பார்த்தார். நான் போட்ட குறியில் மை இன்னும் பளபளத்தது.

"அப்ப நான் மட்டும் மஞ்சளா?" என்றார்.

மகள் ஜாம் கையால் படிவத்தின் ஒரு மூலையைப் பிடித்தாள். அதை யாரும் பறிக்கவில்லை.

அவர் போகவில்லை. எப்படி மறுத்தார் என்பதைச் சொல்ல வேண்டும். அறிக்கை பற்றிச் சொன்னால் என் வேலை போகும். பாதுகாப்புப் பற்றிச் சொன்னால் அம்பைக் காட்டுவார்கள். ஆகவே, மகளுக்குக் காப்பகப் பழக்கம் நடந்துகொண்டிருக்கிறது, இடையில் தகப்பன் ஊரில் இல்லாமலிருப்பது நல்லதல்ல என்று சொன்னாராம். அவருடைய மேலதிகாரியின் முகம் உடனே மாறிவிட்டதாம். "அதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே, அது விளையாட்டில்லை," என்று தோளில் தட்டினாராம். போர் நடந்த நாட்டைப் பற்றி அவருக்கு ஒரு கேள்வியும் இருக்கவில்லை. பழக்கம் எத்தனையாவது கிழமை என்று மட்டும் கேட்டிருக்கிறார்.

வேறொருவர் போனார். டீம் லீட் பதவியும் அவரோடு போனது. அவருக்குப் பிள்ளைகள் இருக்கிறார்களா என்று கணவரிடம் கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

அடுத்த பதிப்பில் ஒரு வரி சேர்த்தேன்: 'நிலைமை நன்றாக இருப்பதாகக் கூறும் உள்ளூர்த் தொழில்துறையினரே தம் பிள்ளைகளை இன்னும் வெளிநாட்டில் வைத்திருக்கிறார்கள்.' மேலாளருக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. பாதுகாப்புப் பகுதியிலிருந்து தூக்கி, கல்வித் துறைப் பகுதிக்குக் கொண்டுபோனார். தனியார் பள்ளிகளுக்கு உயர்ந்த வாய்ப்பு. நான் கேட்டுக்கொண்டதற்காகப் பாதுகாப்புக் கட்டத்தின் அம்பை மட்டும் பக்கவாட்டில் படுக்கவைத்தார். என் மனச்சாட்சி தொண்ணூறு பாகை திரும்பியது.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை அறிக்கையைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கடுத்த பதிப்புக்காக விடுதிக்காரருக்கு மறுபடி தொலைபேசி எடுத்தேன். இந்த முறை முதலில் மகளைத்தான் கேட்டேன்.

"அங்கே பள்ளியில் சேர்த்துவிட்டோம். அந்த ஊர் மொழிதான் இப்போது அவளுக்கு நன்றாக வருகிறது," என்று சிரித்தார். பிறகு, "உங்கள் நகரத்திலிருந்து ஒரு பொறியியலாளர் வந்து தங்கியிருக்கிறார், தெரியுமா? அமைதியான மனிதர். பின்னேரத்தில் நீச்சல் குளத்தடியில் இருந்து மகனோடு வீடியோவில் கதைப்பார். இணைப்பு அறுந்தாலும் திரையைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருப்பார். என்னைப் போலவே."

பாதுகாப்புக் கட்டத்தைச் செம்மஞ்சள் ஆக்கி அனுப்பினேன். பத்து நிமிடத்தில் மேலாளர் தொலைபேசி எடுத்தார்.

"ஏதாவது நடந்துவிட்டதா?"

"ஒன்றும் நடக்கவில்லை."

"அப்படியானால் மஞ்சள்தானே? மாற்றி அனுப்பிவிடுங்கள்."

வழக்கமாக நான் உடனே மாற்றிவிடுவேன். விரல் விசைப்பலகையில்தான் இருந்தது. "நான் மாற்றமாட்டேன்," என்றேன். "மஞ்சள் வேண்டுமென்றால் நீங்கள் மாற்றிக்கொள்ளுங்கள்." சொல்லிவிட்டு, மரியாதைக் குறைவாகிவிட்டதோ என்று பயந்து, நல்ல வார இறுதி அமையட்டும் என்றும் சேர்த்துச் சொன்னேன். அன்று புதன்கிழமை.

அவர் மாற்றினாரா என்று பார்க்க அறிக்கையைத் திறக்க வேண்டும். திறந்தேன். மாற்றியிருந்தார். பிறகு நேரத்தைக்கூடப் பார்க்காமல், மகளைக் கூட்டிவரக் காப்பகத்துக்கு ஓடினேன். அரை மணி நேரம் முந்திவிட்டேன். நடைவழியில், நான் அந்த அறிக்கையை எழுதிய சின்ன நாற்காலி காலியாக இருந்தது.