ஆயுதத்தைக் கீழே போட்டவன்

"ஏய், மூணாவது வரிசை! என்ன மசமசன்னு நிக்கிற? விழு!" என்று திரையை அதட்டிவிட்டு, டப்பாவிலிருந்து ஒரு வாய் சோறு எடுத்துப் போட்டுக்கொள்கிறாள் அசுரக்கா. நாங்கள் எடுக்கும் அனிமேஷன் படத்தில் தேவாசுர யுத்தம். அசுரப் படையை நடக்க வைப்பதும் சாகடிப்பதும் அவள் வேலை. அதே சண்டைக்குப் புழுதி கிளப்புவது என் வேலை. என்னைவிடச் சின்னவள்தான், ஆனாலும் ஆபீசுக்கே அக்கா.

நாலாயிரம் அசுரர்கள். வேறு யாராக இருந்தாலும் ஒருவனை விழவைத்து, அதையே மற்றவர்களுக்கும் ஒட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். இவள் அப்படி இல்லை. தெருவில் போகிறவர்களின் நடையையெல்லாம் திருடிக்கொண்டு வருவாள். பால்காரர் இருக்கிறார், வாசல் காவலாளி இருக்கிறார். தொந்தியைத் தூக்கிக்கொண்டு ஓடும் அந்தக் குண்டன் சாட்சாத் நான்தான். "கோவிச்சுக்காதீங்க, உங்களைத் தப்பிக்க விட்டிருக்கேன்ல" என்று சமாதானம் வேறு!

ஒருமுறை ஏதோ கொடுக்க அவள் தங்கியிருக்கும் அறைக்குப் போனேன். ஒரே நாற்காலி. நான் உட்கார்ந்தேன், அவள் நின்றாள். "ஆளு வந்தாத்தானே இன்னொண்ணு வேணும்" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவள் ஃபோன் எப்போதும் மேஜையில் குப்புறக் கிடக்கும். மதியம் மட்டும் எடுப்பாள், அதுவும் அனுப்பாத ஒரு செய்தியைத் திருத்துவதற்கு. அண்ணனுக்கு எழுதியது. ஆறு வருஷத்துக்கு முன் அம்மா இறந்த அன்று, இவள் கையிலிருந்த வேலையை முடித்துவிட்டுக் கிளம்பியதில் கடைசியாக முகம் பார்க்கக்கூடக் கிடைக்கவில்லை. "போ, உன் பொம்மைங்களையே கட்டிக்கிட்டு அழு. இனி நீ எனக்குத் தங்கச்சியே இல்ல" என்றாராம் அண்ணன். அதற்கான பதிலைத்தான் தினமும் ஒரு வார்த்தை மாற்றித் தீட்டிக்கொண்டிருந்தாள். "படிச்சதும் சுருக்குனு குத்தணுங்க" என்பாள். கொடுமை, வேறென்ன சொல்ல?

போன வாரம் நாராயணாஸ்திரம் பாயும் காட்சி. டைரக்டர் வந்து பார்த்தார். ஏற்கெனவே தப்பியோடிய குண்டன் போக, படை மொத்தமும் சாய்ந்தது, ஒருவனைத் தவிர. இடதுகாலை லேசாக இழுத்துக்கொண்டு, கழுத்தைச் சொறிந்தபடி நின்றான்.

"யாரும்மா இவன், அஸ்திரத்துக்கே டிமிக்கி குடுக்கிறான்? சாயங்காலத்துக்குள்ள இவன் செத்தாகணும். இல்லன்னா காட்சியை வேற ஆள்கிட்ட குடுத்துடுவேன்."

அவர் போனதும் என் பக்கம் திரும்பினாள். "எங்கண்ணன் நடைங்க. கழுத்தைச் சொறியறதும் அவரேதான். எத்தனையோ தடவை சாகடிச்சுப் பாத்துட்டேன். கை வரமாட்டேங்குது." கண் கலங்கியிருந்தது. நான் என் புழுதிப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மதியம் அவள் சாப்பிடவில்லை, ஃபோனையும் தொடவில்லை. நாலு மணிக்கு டைரக்டரை அழைத்துக் காட்டினாள். அஸ்திரம் வருகிறது. அந்த அசுரன் அண்ணாந்து பார்க்கிறான். கதாயுதத்தைத் தரையில் வைக்கிறான், கழுத்தை ஒருதரம் சொறிந்துகொண்டு பக்கத்திலேயே உட்காருகிறான். நெருப்பு அவன் தலைக்கு மேலே கடந்து போகிறது.

"ஆயுதத்தைக் கீழ போட்டவனை அந்த அஸ்திரம் தொடாது சார். நானா சொல்லல, மகாபாரதத்துலயே இருக்கு."

டைரக்டர் மூன்று முறை ஓட்டிப் பார்த்தார். "சரி, இருந்துட்டுப் போகட்டும்" என்றவர் என்னிடம், "அவன் மேல மட்டும் புழுதியைக் குறைச்சுப் போடுங்க, முகம் தெரியட்டும்" என்றார். நான் உடனே புழுதியைக் குறைக்க ஆரம்பித்தேன்.

அவர் நகர்ந்ததும் அசுரக்கா ஃபோனை எடுத்தாள். ஆறு வருஷம் தீட்டிய செய்தியைத் திறந்து, கடைசி எழுத்திலிருந்து முதல் எழுத்துவரை அழித்தாள். அந்த இடத்தில் ஒரே ஒரு வரி எழுதி, சரியா என்று கேட்பதுபோல் என்னிடம் நீட்டினாள்.

"அண்ணா, கழுத்து அரிப்பு இப்ப பரவாயில்லையா?"

நான் தலையாட்டினேன். அனுப்பினாள். பிறகு சாப்பாட்டு டப்பாவை ஓரமாக நகர்த்திவிட்டு, ஃபோனை மேஜையில் மல்லாக்க வைத்தாள்.